வாய்க்கால் வழி ஓட்டம்: லேயில் பத்து நாள்

முதல் நாள்

விமானத்தை விட்டு இறங்கியதும் முதலில் உறைத்தது வெயில்தான். காலை ஏழரை மணிக்கே கன்னத்தில் சுள்ளென்று விழுந்தது. நிழலில் நின்றால் குளிர், ஓரடி தள்ளி நின்றால் சூடு. சுற்றிலும் மரம் மட்டை இல்லாத மலைகள். லடாக்கின் லே விமான நிலையம் ஏறக்குறைய 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊர் அதற்கும் மேலே, 3,500 மீட்டரில். டாக்சி நேராக மேட்டில்தான் ஏறியது.

நான் இங்கே வந்தது ஓடுவதற்கு. போட்டி எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. செப்டம்பரில் இங்கே லடாக் மாரத்தான் நடக்கும். 2012இல் தொடங்கிய ஓட்டம் அது. அந்தக் கூட்டம் வருவதற்கு முன்னால், ஆகஸ்ட் கடைசியில், ஊரைச் சுற்றியுள்ள ஒற்றையடிப் பாதைகளில் நிதானமாக ஓடிப் பார்க்க வேண்டும் என்பது மூன்று வருட ஆசை. அன்றன்றைய பாதையை அன்றன்று ராத்திரியே எழுதிவிடப் போகிறேன்.

ஆனால் இன்றைக்கு ஓட்டம் கிடையாது. நாளைக்கும் கிடையாது. சங்ஸ்பா பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் அமா-லே என்று கூப்பிடுகிறார்கள். அமா என்றால் அம்மா, பின்னால் வரும் லே மரியாதைக்கு. (ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம், கேட்டுவிட்டேன்.) 'ஜூலே' என்று வணக்கம் சொல்லி என் பையைத் தூக்கப் போனார். நான் விடவில்லை. நானே தூக்கிக்கொண்டு மாடியேறினேன். பதினெட்டுப் படி. கட்டிலில் உட்கார்ந்த பிறகு மூன்று நிமிடம் வாய் திறந்து பேச முடியவில்லை. வாரம் அறுபது கிலோமீட்டர் ஓடிப் பழகிய உடம்பு இது.

மலையில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்வோம். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைந்திருப்பது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே. அதனால் அதே மூச்சை இழுத்தாலும் நுரையீரலுக்குள் போய்ச் சேர்வது அவ்வளவு குறைவு. விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் 85 என்றது. வழக்கமாக 56 துடிக்கும் நாடி, படுத்திருக்கும்போதே 80.

நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தேன், ஜன்னல் வழியாகப் பாப்ளர் மரங்களைப் பார்த்தேன், தூங்கினேன். அவ்வளவுதான் இன்று.

இரண்டாம் நாள்

ராத்திரி நான்கு முறை திடுக்கென்று எழுந்தேன். மூச்சு நின்றுபோய், பிறகு ஒரு பெரிய இழுப்போடு திரும்பி வருகிறது. புதிதாக வருகிறவர்கள் இதில் பயந்துவிடுவார்கள் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் உடம்பு வேகமாக மூச்சு விடும். அதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். மூச்சு விடச் சொல்லித் தூண்டுவதே அந்த வாயுதான் என்பதால், தூக்கத்தில் சில நொடி மூச்சு நிற்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் உடம்பு விழித்துக்கொண்டு இழுக்கிறது. இந்த உயரத்தில் பலருக்கும் வருவதுதான்.

சாயங்காலம் கடைத்தெரு வரை நடந்து திரும்பினேன். ஓடவில்லை. கால் துடித்தது, விடவில்லை.

மூன்றாம் நாள்: யூரா

இன்று ஓடினேன்! நான்கு கிலோமீட்டர். சங்ஸ்பாவிலிருந்து சங்கர் கோம்பா என்ற மடாலயம் வரை போய்த் திரும்பினேன்.

பாதையைப் பற்றி அமா-லேயிடம் கேட்டபோது அவர் கையை நீட்டி, "யூராவைப் பிடித்துக்கொண்டே போ" என்றார். யூரா என்றால் வாய்க்கால். மேலே பனி உருகி வரும் ஓடையிலிருந்து பிரிந்து, வயலுக்கும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடும் சின்ன வாய்க்கால். இரண்டு கை அகலம்தான் இருக்கும். அதன் கரையில் ஆள் நடந்து நடந்து விழுந்த தடம்தான் இன்றைய என் பாதை. ஒரு பக்கம் மண்சுவர், சுவருக்கு மேலே முள்கட்டு, இன்னொரு பக்கம் தண்ணீர். வில்லோ மரத்தின் வேர்கள் குறுக்கே கிடக்கின்றன. நான்கு எட்டு வைத்தால் ஒரு வேர்.

தண்ணீரைத் திருப்பிவிடும் மடை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கதவு எதுவும் இல்லை. தட்டையான ஒரு கல், அதன் இடுக்கில் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி, கசிவு வரும் இடத்தில் சுருட்டி அடைத்த ஒரு பழைய கம்பளித் துணி. கல்லின் விளிம்பு, எத்தனையோ கைகள் பிடித்துத் தூக்கியதில் வழவழவென்று இருந்தது. இங்கே ஒவ்வொரு கிராமத்திலும் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிட ஒருவர் இருப்பார். சுர்போன் என்று பெயர். நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பாரே, அதே வேலை. லேயில் ஒரு வருடத்துக்கு விழும் மழை, பனி எல்லாம் சேர்த்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். வாய்க்கால் இல்லையென்றால் இங்கே ஒரு புல் கிடையாது, ஒரு பாதையும் கிடையாது.

இனி ஓட்டத்தைப் பற்றி. வாட்ச்சைப் பார்த்து ஓடுவதில்லை என்று வந்ததுமே முடிவு செய்திருந்தேன். என் கணக்கு மூச்சுதான். சமவெளியில் நிதானமாக ஓடும்போது நான்கு எட்டுக்கு ஒரு மூச்சு உள்ளே, நான்கு எட்டுக்கு வெளியே. இன்று இரண்டுக்கு இரண்டுதான் முடிந்தது. மேடு வந்த இடத்தில் அதுவும் உடைந்தது, உடனே நடந்துவிட்டேன். உயரம் 1,500 மீட்டரைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் உடம்பின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் என் கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை நான் லேயில் வந்து இறங்கியதுமே விட்டுவிட்டேன். மீதியை வைத்துத்தான் ஓட வேண்டும்.

திரும்பி வரும்போது ஒரு மூதாட்டி முதுகில் கூடையோடு எதிரே வந்தார். பாதையில் ஒருவருக்குத்தான் இடம். நான் வாய்க்காலுக்குள் ஒரு காலை வைத்து ஒதுங்கினேன். பனித் தண்ணீர், எலும்பு வரை குளிர்ந்தது. அவர் என் ஷூவைப் பார்த்துவிட்டுச் சிரித்து, கூடையிலிருந்து இரண்டு ஆப்ரிகாட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள்: சாந்தி ஸ்தூபி, அதற்குப் பின்னால்

இன்று செய்தது தவறு. முதலில் நல்ல பகுதியைச் சொல்கிறேன்.

சங்ஸ்பாவுக்கு நேர் மேலே குன்றின் உச்சியில் வெள்ளையாக இருப்பது சாந்தி ஸ்தூபி. ஜப்பானிய பௌத்தத் துறவி கியோம்யோ நகாமுரா முன்னின்று கட்டியது, 1991இல் திறந்தது. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு படி. ஓடவில்லை, கையை முழங்காலில் ஊன்றி ஏறினேன். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் மேலே இருந்தேன். எதிரே சிந்து நதிப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் ஸ்டோக் மலைத்தொடர். வெளிச்சம் முதலில் 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்ரியின் பனியில் பட்டு, அப்புறம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கடைசியில்தான் ஊருக்கு வந்தது.

அதோடு திரும்பியிருக்க வேண்டும். ஸ்தூபிக்குப் பின்னால் முகட்டு வழியாக ஒரு தடம் மேலே போனது. காலை வெயில், காற்று, யாருமில்லாத பாதை. உடம்பு லேசாக இருப்பதாகத் தோன்றியது. போனேன். வாட்ச் 3,900 காட்டும் வரை போனேன். நான்காவது நாளில் அந்த உயரம் அதிகம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன்.

இறங்கும் வழியில் இன்னொரு விஷயம், நாய்கள். லேயில் தெருநாய்கள் அதிகம், விடியற்காலையில் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஓடுகிறவரைக் கண்டால் துரத்தும். நான் சட்டென்று நின்றேன், முகத்தை அவற்றின் பக்கம் வைத்துக்கொண்டே குனிந்து கல்லெடுப்பதுபோல் கையைத் தரைக்குக் கொண்டுபோனேன். பின்வாங்கின. ஓடியிருந்தால் கதை வேறு. தனியாக ஓட வருகிறவர்கள் வெளிச்சம் வந்தபிறகு கிளம்புங்கள், கையில் ஒரு குச்சி இருக்கட்டும்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பின்மண்டையில் வலி ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள்

ஓட்டம் இல்லை. ராத்திரி முழுக்கத் தலைவலி, சோறு வேண்டாம் என்ற நிலை, லேசான குமட்டல். உயர நோயின் தொடக்க அறிகுறிகள் அத்தனையும். இதை மறைத்து எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் ஓடுகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறோம். நம் கால் நன்றாக இருக்கிறது, நுரையீரல் பழகியிருக்கிறது என்று நம்புகிறோம். உடல் தகுதிக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தமே இல்லை. நன்றாக ஓடுகிறவர் வேகமாக மேலே போய்விடுவார், ஆபத்து அங்கேதான்.

தலைவலி இருக்கும்வரை இன்னும் மேலே போகவே கூடாது. ஓய்விலும் குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை, குடித்தவர் மாதிரித் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே இறக்கம், உடனே மருத்துவமனை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அமா-லே கூடத்துக் கம்பளத்தின் கோட்டைக் காட்டி, அதன்மேல் ஒரு காலின் விரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நடக்கச் சொன்னார். அடிமேல் அடி வைத்துப் பத்தடி போனேன், தள்ளாடவில்லை. "சரி, போய்ப் படு" என்றார். எத்தனை விருந்தாளிகளை இப்படி நடக்க வைத்திருப்பாரோ! வருவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுத்தான் உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வாங்கி வந்திருந்தேன். அவர் சொன்ன அளவில் எடுத்தேன். விரல் நுனி மரத்தாற்போல் குறுகுறுக்கிறது. அந்த மாத்திரைக்கு அது வழக்கம்.

சாயங்காலம் வலி விட்டது. அமா-லே ஒரு கிண்ணம் துக்பா, அதாவது நூடுல்ஸ் சூப், கொடுத்தார். முழுசும் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள்: திக்சேயிலிருந்து ஷே

இனி கவனம். இன்று வேண்டுமென்றே தாழ்வான, சமமான பாதை. விடிவதற்கு முன்பே காரில் கிளம்பித் திக்சே போய், அங்கிருந்து ஷே வரை ஓட்டம். லேயிலிருந்து தென்கிழக்கே, சிந்து நதி ஓரம்.

வழியில் சோக்லம்சர். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் மேகவெடிப்பால் வந்த வெள்ளமும் சேறும் அதிகம் அழித்த இடங்களில் ஒன்று. லேயும் சுற்று வட்டாரமும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மழையே அறியாத மண்ணில் மண்சுவர் வீடுகள், ஒரே ராத்திரியில் அத்தனை மழை. ஓட்டுநர் அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் பாட்டை நிறுத்தினார். நான் எதுவும் கேட்கவில்லை.

திக்சே மடாலயம் குன்றின்மேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. கீழே நான் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது மேல்மாடியிலிருந்து நீளக் கொம்பு ஊதினார்கள். இரண்டு பிக்குகள். காதில் விழுவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் விழுகிற ஓசை. அது அடங்கிய பிறகுதான் ஓட ஆரம்பித்தேன்.

திக்சேக்கும் ஷேக்கும் நடுவில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வெறும் மணல்வெளி. அந்த மணல்வெளி முழுக்க சோர்தன்கள், அதாவது ஸ்தூபிகள். நூற்றுக்கணக்கில். சில புதிதாக வெள்ளையடித்தவை, பல கரைந்து மண்மேடாகிக்கொண்டிருப்பவை. பாதை அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து போகிறது. இங்கே ஓடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சோர்தனையோ, மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவரையோ எப்போதும் நம் வலக்கைப் பக்கம் வரும்படிதான் கடக்க வேண்டும். கோயிலில் பிரகாரம் சுற்றுவதுபோலத்தான், நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் மணிச் சுவருக்கு இரண்டு பக்கமும் தடம் விழுந்திருக்கிறது. போகிறவர்களுக்கு ஒன்று, வருகிறவர்களுக்கு ஒன்று. குறுக்கே புகுந்து நேர்வழி பிடிக்கலாம் என்று தோன்றும். பிடிக்காதீர்கள். இருபது மீட்டர் கூடுதலாக ஓடினால் என்ன குறைந்துவிடும்?

ஒரு மணிச் சுவரின் ஓரம் நின்றேன். இடுப்புயரம், நீளமாகப் போகிறது, மேலே முழுக்கக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஓம் மணி பத்மே ஹூம். ஒரே வாசகம்தான், ஆனால் ஒவ்வொரு கல்லிலும் கை வேறு. ஒன்றில் எழுத்து ஆழமாக, விரல் நுனி உள்ளே போகும் அளவுக்கு. பக்கத்துக் கல்லில் கீறல்போல் லேசாக, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது. உளி வழுக்கிய ஒரு வெள்ளைக் கோடு கூட அப்படியே இருக்கிறது. யாரோ ஒருவர் குளிர்காலத்தில் உட்கார்ந்து செதுக்கியிருப்பார். அந்தக் கல்லிடம் நான் நின்ற நேரம், ஓடிய நேரத்தில் பாதி இருக்கும்.

ஷே பழைய ராஜாக்களின் இடம். மலைமேல் அரண்மனையும், உள்ளே 12 மீட்டர் உயரச் செம்புப் புத்தரும் உண்டு. நான் மேலே போகவில்லை. ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனேன். சிந்துவை இங்கே சிங்கே கபாப் என்பார்கள், சிங்கத்தின் வாயிலிருந்து வருவது என்று பொருள். சாம்பல் பச்சை நிறத்தில், சத்தமில்லாமல், வேகமாக ஓடியது. முட்டிவரை இறங்கி நின்றேன். தலைவலி வந்த உடம்பு இதுதானா என்று இருந்தது.

மூச்சு: சமதளத்தில் மூன்றுக்கு மூன்று. இங்கே வந்தபின் முதல் முறை.

ஏழாம் நாள்: கங்லெஸ்

வாய்க்காலை எதிர்த்து மேலே. சங்கர், கோன்பா, அதற்கப்பால் கங்லெஸ். கர்துங் லா கணவாய்க்குப் போகும் சாலை தலைக்கு மேலே கோடு போட்டதுபோல் போகிறது. நான் கீழே ஓடையோரத் தடத்தில். மொத்தம் பதின்மூன்று கிலோமீட்டர், போகும்போது பாதி நடை.

பார்லி அறுப்பு நடக்கிறது. வயலில் எல்லோரும் குத்தவைத்து வரிசையாக அறுத்துக்கொண்டே பாடுகிறார்கள். ஒருவர் ஒரு அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். என் எட்டு என்னையறியாமல் அந்தத் தாளத்துக்கு மாறிவிட்டது. மிக மெதுவான தாளம். அதில் ஓடினால் மூச்சே வாங்கவில்லை.

மேலே போகப்போக வயல் சுருங்கி, மரம் நின்று, முள்செடி மட்டும். எந்தக் கோட்டோடு வாய்க்கால் நிற்கிறதோ அந்தக் கோட்டோடு பச்சையும் நிற்கிறது. கத்தியால் வெட்டியதுபோல. ஒரு கால் புல்லில், மறுகால் சரளையில் வைத்து நின்று பார்த்தேன்.

இந்த ஊர்க்காரர்களின் கஷ்டம் தண்ணீர் குறைவு என்பது மட்டுமில்லை, அது வரும் நேரமும்தான். விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உயரத்திலுள்ள பனிப்பாறை உருகுவது அதற்குப் பிறகு. செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைத் தண்ணீரை, மலை நிழல் விழும் தாழ்வான இடத்துக்குத் திருப்பி, கல்தடுப்புகளில் தேக்கி உறையவைத்தார். தாழ்வான இடமென்பதால் விதைக்கும் காலத்திலேயே உருகிவிடும். 2015இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்று அந்த ஓடையோரம் இரண்டு மணி நேரம் ஓடியபிறகு, அது எவ்வளவு பெரிய காரியம் என்பது காலுக்கே புரிகிறது.

எட்டாம் நாள்: சபு முகடு

அமா-லேயின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. இங்கே தம்பியை நோனோ என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். என்னை அச்சே-லே என்கிறான், அக்கா என்று. இந்த வருடம் கர்துங் லா சேலஞ்சில் ஓடப் போகிறான். கர்துங் கிராமத்தில் தொடங்கி, கணவாயைத் தாண்டி, லே வந்து முடியும் 72 கிலோமீட்டர். "அச்சே-லே, நாளைக்குச் சபு போகிறேன். மெதுவாகத்தான் போவேன், வாங்க" என்று நேற்று ராத்திரி கூப்பிட்டான்.

சபு கிழக்கே அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் கிராமம். இரண்டுக்கும் நடுவே ஒரு மொட்டை முகடு. வாய்க்கால் விட்ட இடத்தில் ஏற்றம் தொடங்கியது. நோனோ ஏறுவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். கால் நீட்டி வைப்பதே இல்லை. சாண் சாணாக வைக்கிறான், ஆனால் நிற்பதும் இல்லை. வாய் மூடியிருக்கிறது, மூக்கால்தான் மூச்சு. நான் எட்டி வைத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி எட்டி வைத்தேன். அரை மணி நேரத்தில் எனக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு வளைவு. அப்புறம்தான் அவனைப்போலச் சாண் சாணாக வைத்துப் பார்த்தேன். ஒரு எட்டுக்கு ஒரு பாதம் நீளம். நிற்காமல் உச்சி வரை போய்விட்டேன்!

உச்சியில் ஒரு கல்குவியல், கிழிந்த மந்திரக் கொடிகள். இங்கிருந்து பார்த்தால் இரண்டு வகை மலை தெரிகிறது. நாங்கள் நிற்கும் லடாக் தொடர் கருங்கல். இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவில் வந்து முட்டுவதற்கு முன்பே, கடல்தளம் அடியில் புகுந்ததால் உருகி, உள்ளுக்குள்ளேயே இறுகிய பாறை. எதிரே சிந்துவுக்கு அப்பால் ஸ்டோக் பக்கம் செந்நீலமும் பழுப்பும் கலந்த அடுக்குப் பாறைகள், ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டல். ஒன்று நெருப்பில் பிறந்தது, இன்னொன்று தண்ணீரில். நடுவில் சிந்து.

இந்தப் பாடம் காலுக்கும் வேண்டும். கருங்கல் இங்கே வெயிலிலும் உறைபனியிலும் உதிர்ந்து பரல் பரலாகக் கிடக்கிறது. கெட்டித் தரைமேல் பரல், சிமெண்ட் தரையில் கடுகு கொட்டியதுபோல. ஏறும்போது தெரியாது. இறங்கும்போது குதிகாலை முன்னால் ஊன்றினால் சறுக்கும். நான் ஊன்றினேன், சறுக்கினேன். வலது உள்ளங்கை சிராய்த்து, தோலுக்குள் மூன்று பரல் ஏறிவிட்டது. நோனோ என் கையைப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தான். ஊசி அவன் தொப்பியில் குத்தியிருந்தது. "காலை உடம்புக்கு அடியிலேயே வையுங்க, அச்சே-லே. கீழே பள்ளத்தைப் பார்த்துச் சாயுங்க, பின்னால் சாயாதீங்க" என்றான். பயத்தில் பின்னால் சாய்வதுதான் சறுக்க வைக்கிறது. முன்னால் சாய்ந்து, எட்டைச் சின்னதாக்கி, சடசடவென்று வைத்தால் ஒவ்வொரு எட்டும் சறுக்குவதற்குள் அடுத்தது விழுந்துவிடுகிறது. கடைசி ஒரு கிலோமீட்டர் அப்படி இறங்கினேன். என் வாழ்க்கையில் ஓடிய நல்ல ஒரு கிலோமீட்டர் அது.

சபுவில் வில்லோ நிழலில் கம்பீர் ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும். வண்டியில் திரும்பினோம்.

ஒன்பதாம் நாள்: சவுத் புல்லுவிலிருந்து இறக்கம்

நோனோவும் நானும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கர்துங் லா வரை போனோம். அங்கே நெடுநாள் இருந்த பலகை 18,380 அடி என்றது. சரியாக அளந்த உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. எண்ணூறு அடி குறைவாக இருப்பதால் அந்த இடத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. பதினைந்து நிமிடம்தான் நின்றோம், அதற்கு மேல் அங்கே நிற்பது நல்லதில்லை. நோனோ கொடிகளைப் பார்த்து "கி கி சோ சோ லார்கியாலோ" என்று கத்தினான். தெய்வங்களுக்கு வெற்றி என்று பொருள். பத்து நாள் கழித்து இதே இடத்தை ஓடிக் கடக்கப் போகிறான். எனக்குத் தொண்டை அடைத்தது.

சவுத் புல்லு சோதனைச் சாவடியில் இறங்கி, அங்கிருந்து லே வரை 24 கிலோமீட்டர் ஓட்டம். ஏறக்குறைய 1,100 மீட்டர் இறக்கம். பெரும்பாலும் தார்ச்சாலைதான், வளைவுகளில் மட்டும் ஆட்டுத் தடம் குறுக்குவழி காட்டும். லாரிகளும் ராணுவ வண்டிகளும் வருவதால் உள்வளைவில் ஓடாதீர்கள், ஓட்டுநருக்கு நாம் தெரியமாட்டோம். முதல் ஐந்து கிலோமீட்டர் இறக்கத்திலேயே மூச்சு இரண்டுக்கு இரண்டு. கங்லெஸ் பக்கம் வந்தபோது மூன்றுக்கு மூன்று. சங்கருக்குள் நுழையும்போது எண்ணிப் பார்த்தேன், நான்குக்கு நான்கு. வந்த அன்று பதினெட்டுப் படியில் பேச்சு நின்ற அதே உயரம்.

தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. நாளை ஒரு நாள்தான் மிச்சம், அதற்கு ஒரு பாதையும் வைத்திருக்கவில்லை.

பத்தாம் நாள்

விடியற்காலை நான்கு மணிக்கு அமா-லே கதவைத் தட்டினார். இன்று தண்ணீர் முறை அவருடையது. "ஓடத்தானே வந்தாய், வா" என்றார்.

கையில் மண்வெட்டி, தலையில் டார்ச். யூராவின் கரையில் மேல் மடை வரை நடந்தோம். மூன்றாம் நாள் நான் உட்கார்ந்து பார்த்த அதே மடை. கம்பளித் துணியை உருவி, மண்கட்டியைத் தள்ளி, அந்த வழவழப்பான கல்லை என்னைத் தூக்கச் சொன்னார். சிராய்த்த கை எரிந்தது, தூக்கினேன். காய்ந்து கிடந்த கிளை வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.

"இனி நீ அது கூடப் போ. எங்கே உடைகிறதோ அங்கே என்னைக் கூப்பிடு."

தண்ணீரின் முனை டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. சும்மா போகவில்லை. முன்னால் காய்ந்த வில்லோ இலைகளையும் நுரையையும் ஆப்ரிகாட் கொட்டைகளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. பள்ளம் வந்தால் நின்று, நிறைந்து, மறுபடி கிளம்பியது. மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. சரிவு வந்ததும் திடீரென்று வேகம் எடுத்தது, நானும் எடுத்தேன். வேர் தாண்டி, சுவர் ஓரம் திரும்பி, ஒரு கல்பாலத்துக்கு அடியில் புகுந்து அது மறைய, நான் மேலே தாண்டி மறுபக்கம் காத்திருந்தேன். முதலில் ஒரு இலை வந்தது, பின்னால் தண்ணீர்.

ஒரே இடத்தில்தான் கரை உடைந்தது, ஒரு எலிவளை. "அமா-லே!" என்று கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் புல்கட்டி ஒன்றைப் பெயர்த்து அடைத்துக் காலால் மிதித்தேன். நின்றது. அவர் வந்து பார்த்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

குதிரைமசால் தோட்டத்துக்குள் தண்ணீர் நுழைந்தபோது ஸ்டோக் உச்சியில் வெளிச்சம் வந்துவிட்டது. வாட்ச்சை அறையிலேயே விட்டு வந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் என்று அமா-லேயிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "மூன்று தோட்டம்" என்றார்.